வேதாளத்தின் கேள்வி யாருக்கு?

மாயக்கதைத் தொடர் ஒன்றில் மூழ்கிப்போன குழந்தை அதில் வரும் ஒருவரை 'இது நான்தான்' என்று எடுத்துக்கொள்கிறது. பெரியவர்கள் இதை வீர வழிபாடு என்று நினைத்துக் கடந்துவிடுகிறோம். சென்னையில் அச்சேறிய கதைகளையும் சென்னைக்கு வந்து சேர்ந்த கதைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், குழந்தை பற்றிக்கொள்வது பாத்திரத்தின் இக்கட்டைத்தான் என்பது புலப்படும். 1947இல் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய 'அம்புலிமாமா' இதழின் விக்கிரமாதித்தன் கதைகளே இதற்கு முதல் சான்று. தோளில் பிணமும் கையில் வாளுமாக அரசன் நடக்கும் ஓவியர் சங்கரின் படம் பல தலைமுறைகளுக்குப் பழக்கமானது. ஆனால் கதையின் உயிர், அந்தப் பிணத்துக்குள்ளிருந்து பேசும் வேதாளத்தின் கேள்வியில் இருக்கிறது. விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் அரசனின் தலை சிதறும். வாய் திறந்தாலோ வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். கேள்விக்கும் பதிலுக்கும் இடைப்பட்ட அந்த நொடியில் படிக்கிற குழந்தையும் மனத்துக்குள் ஒரு தீர்ப்பு சொல்லிப் பார்க்கிறது. அந்த நொடியில் அதுவும் விக்கிரமாதித்தன்தான்.

கடல் கடந்து வந்த நாயகர்களும் இதையே உறுதிப்படுத்துகிறார்கள். பிரிட்டனில் 1962இல் பிறந்த இரும்புக்கை மாயாவி, 1972இல் சிவகாசி முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழ் பேசத் தொடங்கினார். ஒரு கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவர் அவர். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் மறையாமல் நிற்கும். தன் குறையை எப்படியாவது மறைத்துவிடத் துடிக்கும் வயதில் இருப்பவர்களுக்கு இது வெறும் சாகசமாகப் படாது. 1997இல் தொடங்கிய ஹாரி பாட்டர் வரிசையில் மறதிக்கும் பயத்துக்கும் பேர்போன நெவில், கடைசியில் வாளெடுத்துப் பாம்பை வெட்டுகிறான். அவன் தொடக்கத்திலேயே வீரனாக இருந்திருந்தால், பயந்த பிள்ளைகளுக்கு அவனிடம் இடம் இருந்திருக்காது.

அப்படியானால் பாத்திரத்தின் பெயரும் ஊரும் நிறமும் எதற்கு என்ற கேள்வி எழும். குரங்காகவும் எலியாகவும் மாறிப் பார்க்கத் தெரிந்த குழந்தைக்குத் தன் தெருவையே காட்டுவது கற்பனையைக் குறுக்குவதாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. இந்த மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. பிறராக மாறிப் பார்க்கும் சுகத்தைக் குழந்தையிடமிருந்து யாரும் பறிக்கக் கூடாது. ஆனால் அமெரிக்கக் கல்வியாளர் ருடீன் சிம்ஸ் பிஷப் 1990இல் புத்தகங்களைப் பிறர் உலகைக் காட்டும் ஜன்னல் என்றும் தன்னையே காட்டும் கண்ணாடி என்றும் பிரித்துச் சொன்னது இங்கே பொருந்தும். வாழ்நாளெல்லாம் ஜன்னல் வழியே மட்டும் பார்க்கும் குழந்தை, சாகசம் என்பது அடுத்த வீட்டில்தான் நடக்கும் என்ற பாடத்தையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது. பெயரை மட்டும் சேர்ப்பதாலும் இது தீராது. ஹாரி பாட்டரின் ஹாக்வார்ட்ஸ் பள்ளியில் பார்வதி, பத்மா பாட்டீல் என்ற இரட்டைச் சகோதரிகள் படிக்கிறார்கள். வகுப்பிலும் விருந்திலும் தென்படுகிறார்கள். கதை அவர்கள் முடிவை எதிர்பார்த்து நிற்பதே இல்லை.

நம் மரபில்தான் எல்லாம் இருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. ஆனால் அம்புலிமாமா உலகின் நடுவில் பெரும்பாலும் நின்றவர்கள் அரசர்கள், அமைச்சர்கள், வணிகர்கள், பண்டிதர்கள். அந்த நடுவில் இடம் பெறாத பிள்ளைகளின் ஊரும் சென்னையிலேயே உண்டு. தீண்டாமைக்கு ஆளான பிள்ளைகளுக்காக 1894இல் பிரம்மஞான சபைத் தலைவர் ஆல்காட் இலவசப் பள்ளி திறந்த இடம் அடையாறு. அவர் பெயரிலேயே இன்று ஒரு மீனவக் குப்பம் இருக்கிறது. பக்கத்திலேயே ஊரூர் குப்பம். மாயக்கதைக்கு வேண்டியதெல்லாம் இங்கே கண்ணெதிரில் கிடக்கிறது: ஆற்றுமுகத்தில் மறுகரை சேராமல் நிற்கும் உடைந்த பாலம், 1989இல் தாய்மரம் சாய்ந்த பிறகும் விழுதுகளால் உயிர் வாழும் பெரிய ஆலமரம். மாயம் நம் வீட்டுப் பொருளிலிருந்தே பிறக்க முடியும் என்பதை யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' காட்டியது. 2020இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற அந்நூலில் பேசும் மரப்பாச்சி ஒரு சிறுமிக்குத் துணிச்சல் தருகிறது. அவளுடைய இக்கட்டு நிஜமானது என்பதால்தான் பொம்மை பேசுவதையும் நாம் நம்புகிறோம்.

ஒரு நல்ல நூல் போதாது. குழந்தை ஒரு பாத்திரத்தோடு சேர்ந்து வளர வேண்டுமானால், ஆண்டுக்கணக்கில் கூடவே வரும் தொடர் வேண்டும். அம்புலிமாமா அதை மாதாமாதம் செய்தது. இன்றைய எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் அந்தப் பொறுமையை மீண்டும் கைக்கொள்ள வேண்டும். குப்பத்துச் சிறுமியை நாயகனுக்குத் துணையாக அனுப்பாமல், தலை சிதறும் அந்தக் கேள்வியை அவளிடமே கேட்கும் தொடரை எழுதுங்கள். அவள் என்ன பதில் சொல்வாள் என்று மற்ற பிள்ளைகளும் காத்திருக்கட்டும்.