பலசாலியின் ஹாஸ்யம்

ஹைதராபாத்தில் ராஜீவ் சிலகா உருவாக்கி, 2008இல் போகோ சானலில் வந்த கார்ட்டூன் தொடர் 'சோட்டா பீம்'. அதைப் பார்த்து வளர்ந்தவர்களில் பலருக்கு இன்று அதில் சிரிப்பு வருவதில்லை. வயதாகிவிட்டது என்பது பதிலாகாது. 1940இல் தொடங்கிய 'டாம் அண்ட் ஜெர்ரி'யைத் தாத்தாக்களும் பேரனோடு உட்கார்ந்து ரசிக்கிறார்கள்.

டோலக்பூர்ப் பீமனுக்கு லட்டு ஒரு சபலம். சபலம் உள்ளவன் எப்போதாவது அகப்பட்டுக்கொள்வான். ஹாஸ்யம் அங்கேதான் பிறக்கிறது. நாளடைவில் லட்டு வெறும் மருந்தாகிவிட்டது. எதிரி ஓங்குகிறான், லட்டு வருகிறது, எதிரி விழுகிறான். சினிமாவில் பீமன் பாலித் தீவுக்கும் (2013) சீனாவுக்கும் (2019) போய்வந்தான். பகைவர்கள் பெரிதானார்கள், சூத்திரம் மாறவில்லை.

நம் தெருக்கூத்தில் கட்டியக்காரன் ராஜாவையே கேலி செய்கிறான். சிரிப்பு கீழேயிருந்து மேலே போகிறது. டோலக்பூரில் அது மேலேயிருந்து காலியாவின் தலையில் விழுகிறது. காலியா ஜம்பக்காரன்தான், சந்தேகமில்லை. ஆனால் அவன் தின்றால் பெருந்தீனி, பீமன் தின்றால் வீரம் என்று குழந்தைக்குச் சொல்லித் தருவது என்ன ஹாஸ்யம்? ஜெயிக்கிறவன் பக்கம் நின்று சிரிக்கும் பழக்கம் டெலிவிஷனை அணைத்தவுடன் போய்விடுகிற சமாச்சாரம் இல்லை.

நெட்ஃபிளிக்ஸில் 2019இல் வந்த 'மைட்டி லிட்டில் பீம்' இதற்கு எதிர்ச்சாட்சி. அதில் பீமன் பேச்சு வராத, தவழும் குழந்தை. அவன் பலம் அவனுக்கே அடங்குவதில்லை. ஆசைப்பட்டு எதையாவது இழுத்தால் வேறெதுவோ சரிகிறது. சிரிப்பு திரும்பி வருகிறது. தோற்கவே கூடாத பீமனை வேண்டுமானால் கும்பிடலாம்.