‘தவணை’ என்னும் சொல்

எலுமிச்சைக்குப் பேர்பெற்ற நமது புளியங்குடியில், தவணை என்றால் என்னவென்று கடைவீதிச் சிறுவனும் சொல்லிவிடுவான்: பிரித்துக் கட்டும் பணம். ‘இரண்டு தவணை கட்டியாயிற்று, ஒன்று பாக்கி’ என்னும் பேச்சில் காலம் மறைந்து காசே நிற்கிறது. இலங்கையிலோ பள்ளியாண்டின் மூன்று பகுதிகளையும் முதலாம் தவணை, இரண்டாம் தவணை என வழங்குகின்றனர். அங்கே இச்சொல் காலத்தை விட்டு அகலவில்லை.

இதனை நாம் சுட்டுவதற்குக் காரணமுண்டு. திருமறையில் வரும் ‘அஜல்’ என்னும் அரபுச் சொல்லை நம் மொழிபெயர்ப்பாளர்கள் தவணை, கெடு, காலம் எனப் பலவாறு பெயர்த்துள்ளனர். அஜல் இருபொருள் உடையது. மத்யன் நகரப் பெரியவர் எட்டாண்டு ஊழியம் கேட்டு, அதைப் பத்தாக நிறைவு செய்வதை மூஸா நபி (அலை) அவர்களின் விருப்பத்துக்கு விட்டார். அவ்விரு காலங்களையும் அல்கஸஸ் அத்தியாயம் (28:28) அஜல் என்றே குறிக்கிறது. அங்கே பொருள் காலத்தின் நீளம். உயிருக்கு அஜல் வந்துவிட்டால் அது பிற்படுத்தப்படாது என்னுமிடத்தில் (63:11) பொருள் அக்காலத்தின் முடிவு.

தமிழில் இவ்விரண்டும் மயங்கினால் விளைவது சிறிதன்று. அல்பகரா அத்தியாயத்தின் 231, 232ஆம் வசனங்கள் இரண்டிலும், தலாக் சொல்லப்பட்ட பெண்கள் தம் அஜலை ‘அடைதல்’ பேசப்படுகிறது. முன்னதில் இத்தா முடிவை நெருங்குதல் என்பதே விரிவுரையாளர் கொள்ளும் பொருள். கணவன் முறைப்படி மீட்டுக்கொள்ளவோ, நல்ல முறையில் விட்டுவிடவோ அப்போது வழியுண்டு. பின்னதில் அது முடிந்தேவிட்டது. அவள் மணந்துகொள்வதைத் தடுத்தல் ஆகாது. இரண்டிடத்தும் ‘தவணையை அடைந்தால்’ என்று ஒன்றுபோல் எழுதினால், கணவனின் உரிமை எங்கே முடிகிறது, பெண்ணின் உரிமை எங்கே தொடங்குகிறது என்பதை வாசகர் எவ்வாறு அறிவர்?

ஆகவே இச்சொல்லை விலக்கிவிட வேண்டும் என்பது நம் கருத்தன்று. கடனைக் குறித்த காலத்தோடு எழுதி வைக்கப் பணிக்கும் 282ஆம் வசனத்திற்கு அது நன்கு பொருந்துகிறது. ஆனால் இடருற்ற கடனாளிக்கு வசதி வரும்வரை பொறுக்கச் சொல்லும் 280ஆம் வசனத்தில் அஜல் என்னும் சொல்லே இல்லை. நாள் குறியாத அந்தப் பொறுமையை அவகாசம் என்பதே தகும். நீளத்தைத் ‘தவணைக்காலம்’ என்றும், எல்லையைத் ‘தவணை முடிவு’ என்றும் பிரித்தெழுதினால் ஐயம் நீங்கும். மறுபதிப்புச் செய்வோர் இதனைக் கருத்தில் கொள்வார்களாக.