வெள்ளமும் வறுமையும்: இரு நூல்களின் ஒப்பீடு

காவிரியும் கொள்ளிடமும் முக்கொம்பில் பிரிந்து திருவரங்கத்தைத் தீவாக்குகின்றன. ஆங்கு ஆர்தர் காட்டன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டுவித்த மேலணையின் கொள்ளிடப் பகுதியில், 2018 ஆகஸ்டு 22ஆம் நாள் ஒன்பது மதகுகள் இடிந்து வீழ்ந்தன. மதகு இடிந்த காரணத்தைப் பொறியாளர் கூறுவர். வெள்ளத்தால் குடிகளின் வாழ்வு இடியும் காரணத்தைக் கூறும் நூல்கள் எவை? அவ்வகையில் சிறந்த இரண்டை ஈண்டு ஒப்பிடுவாம்.

முதலாவது, அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட 'வறுமையும் பஞ்சங்களும்' என்னும் பொருளுடைய ஆங்கில நூல். உணவு குறைவதால் மட்டும் பஞ்சம் தோன்றுவதன்று. உணவைப் பெறும் உரிமையை மக்கள் இழப்பதாலும் தோன்றும் என்பது அதன் கோட்பாடு. 1974இல் வங்காளதேசத்தில் வெள்ளமும் பஞ்சமும் நேர்ந்தன. ஆயினும், தலைக்குக் கிடைத்த உணவின் அளவு அவ்வாண்டில் முன்பின் ஆண்டுகளினும் மிகுந்திருந்தது எனச் சென் காட்டுகின்றார். உழைப்பை விற்று வாழ்ந்த சிற்றூர்க் கூலியாளரே பெரிதும் தாக்குற்றனர்.

இக்கோட்பாடு நம் ஆற்றங்கரைக்கும் பொருந்தும். வாழைத் தோட்டத்தில் நீர் தேங்கின் குத்தகையாளர் விளைவை இழப்பர். இலை அறுப்போரும் தார் சுமப்போரும் கூலியை இழப்பர். திருச்சிராப்பள்ளிக் காந்தி சந்தையில் அரிசி குவிந்து கிடப்பினும் அவர்க்கு அஃது எட்டாது. எனினும், அவர் கரையோரத்தில் குடியிருக்க நேர்ந்தது ஏன் என்னும் வினா சென் நூலின் எல்லைக்குப் புறம்பாகும்.

அவ்வினாவை எழுப்புவது பிளெய்க்கி, கேனன், டேவிஸ், விஸ்னர் என்னும் நால்வர் 1994இல் வெளியிட்ட 'அட் ரிஸ்க்' என்னும் நூல். வேர்க்காரணங்கள், அவற்றால் பெருகும் அழுத்தங்கள், காப்பற்ற வாழ்நிலை என மூன்று படிகளில் அது நலிவை விளக்குகின்றது. சென்னின் கருத்தைத் தழுவி, இடருக்குப் பின்னரும் குடும்பத்தின் உடைமைகளைத் தொடர்ந்து நோக்குகின்றது. ஆயின், பலவற்றையும் காரணமாக அடுக்குவதால் எது வலியது என்று அளத்தல் அரிதாகின்றது. கூர்மையில் சென் நூலும், பரப்பில் நால்வர் நூலும் விஞ்சுகின்றன.

இவ்வேறுபாடு தமிழ்க் கலைச்சொல்லாக்கத்திற்கும் உரியது. இந்நாளில் 'மீள்திறன்' என்னும் சொல் பெருவழக்காயிற்று. நகையை அடகு வைத்து மீண்டும் வாழை நட்டவர் மீண்டவர் ஆவரோ? தோட்டம் மீண்டது, நகை மீளவில்லை. அடுத்த வெள்ளம் அவரை முன்னினும் நலிந்தவராகவே காணும். இதனை உணர்த்துவது நால்வர் நூலே. ஆகலின், ஆற்றங்கரை ஊர்களை ஆராய்வோர் சென்னை முதலிற் கற்று, நால்வர் நூலை அளவுகோலாகக் கொள்ளல் வேண்டும் என்பது எம் துணிபு. கடன்பட்டுத் தாங்குதலை மீள்திறன் எனப் போற்றுதல் சொற்பிழை மட்டும் அன்று, பொருட்பிழையும் ஆம்.