கையுறை போட்டால் போதுமா?

சிமெண்ட் ஒவ்வாமை பற்றிய பாதுகாப்புக் கையேடுகள் பலவும் "கையுறை போடுங்க"ன்னுதான் ஆரம்பிக்கின்றன. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒவ்வாமையைத் தூண்டுவது சிமெண்டில் இருந்து நீரில் கரையும் குரோமியம்-6. டென்மார்க்கில் 1981 முதலே சிமெண்டில் ஃபெரஸ் சல்பேட் சேர்த்து, அதைத் தோலுக்குள் எளிதில் புகாத குரோமியம்-3 ஆக மாற்றினார்கள். கட்டிடத் தொழிலாளர்களிடம் அந்த ஒவ்வாமை குறைந்தது. 2005-இல் ஐரோப்பிய ஒன்றியமும் பத்து லட்சத்தில் 2 பங்கு என்று வரம்பு கட்டியது.

கையுறையோ, உள்ளே ஈரச் சிமெண்ட் புகுந்துவிட்டால் அதைத் தோலோடு ஒட்டவைத்துவிடும். ரப்பரில் உள்ள தையூரம் வேறு சிலருக்குத் தனி ஒவ்வாமை. குரோமிய ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. கொத்தனார் சிலர் தொழிலையே விடவேண்டி வரும். ஆலையில் தீர்க்கக்கூடியதைக் கூலிக்காரர் தலையில் கட்டுவது என்னங்க நியாயம்?