எந்தப் படியில் நின்று படிப்பது?

தென்பெண்ணைக் கரையிலே, கரும்பு வயல்களுக்கு நடுவே இருக்கிறது மூங்கில்துறைப்பட்டு. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கும் ஊர். கரும்பு வெட்டி வயிறு வளர்ப்போரின் பிள்ளை ஆறாம் வகுப்பில் அமர்கிறது. அதன் கையிலே ஆங்கில நூலொன்றைத் தந்து, ‘படி’ என்கிறோம். எந்தப் படியில் நின்று படிப்பது?

2018-ல் தமிழ்நாட்டரசு வெளியிட்ட அந்நூல் மட்டமானதன்று. ஆங்கில நாட்டுப் பனியையும் பூவையும் பாடி நம் பிள்ளைகளை மருட்டிய பழைய நூல்களைப் போலன்றி, நம் கடற்கரைக்கு முட்டையிட வரும் ஆமைகளைப் பேசுகிறது. ரஸ்கின் பாண்டின் மரக்கதையும் சுவையானதே. வடித்தவர் திறமையை வாழ்த்துவோம்.

ஆனால், இடைநிலை நூல் என்பது மாடிப்படியின் நடுப்பகுதி. கீழ்ப்படிகளைக் கடந்தவருக்கே அது பயன்படும். லூயிஸ் கரோலின் முதலைக் கவிதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1865-ல் வெளிவந்தபோதே பழமை தட்டிப்போன வினையுருவம் அதன் முதலடியிலேயே நிற்கிறது. இன்று வழங்கும் உருவத்தையே எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளைக்கு, வழக்கொழிந்த உருவம் எதற்கு? பொருள் விளங்காத பிள்ளை மனப்பாடம் செய்யும், மதிப்பெண் பெறும், மொழியை மட்டும் பெறாது!

மாடிவீட்டுப் பிள்ளை தடுமாறினால் தனிப்பயிற்சி தாங்கும், தாய் தகப்பன் துணை நிற்பர். அந்தி சாய அரிவாளோடு வீடு திரும்பும் தாயிடம் ஐயம் கேட்க முடியுமா? ஒரே நூலை இருவருக்கும் தந்துவிட்டதாலேயே சமத்துவம் வந்துவிடாது, தோழர்களே!

வழி தெரியாமலா இருக்கிறோம்? டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், 1920-களிலேயே, புதுச் சொற்களை அளந்து தந்து, வந்த சொல்லை மீண்டும் மீண்டும் வரச் செய்யும் வாசிப்பு நூல்களை வடித்தார். 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் என்.எஸ். பிரபு நடத்திய முயற்சியிலே, இரயில் கால அட்டவணையும் வரைபடமும் பாடமாயின. விடை தேடும் மும்முரத்திலே மொழி படியும் என்பது அவர் கருத்து. மூங்கில்துறைப்பட்டிலே ஆலையின் எடைச்சீட்டை ஆங்கிலத்தில் படித்துக் கணக்குப் பார்க்கும் பயிற்சி தந்தால், பிள்ளைக்கும் புரியும், பெற்றோருக்கும் பயன்படுமன்றோ?

2022-ல் சிறுவருக்கு ‘எண்ணும் எழுத்தும்’, 2025-ல் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பினருக்குத் ‘திறன்’ என அரசு திட்டங்கள் வகுத்தது, குறையை அது உணர்ந்ததற்குச் சான்று. வரவேற்கிறோம். ஆனால், துணை வகுப்பு ஒரு புறம், கடின நூல் மறுபுறம் என்றிருத்தல் ஆகாது. நூலுக்குள்ளேயே கீழ்ப்படிகள் அமைய வேண்டும்.

1968-ல் இருமொழிக் கொள்கையை ஏற்றபோது, தமிழ் வாழ்வுக்கு, ஆங்கிலம் உலகுக்கு என்றோம். அந்த உலகின் கதவு நகரத்துப் பிள்ளைக்கு மட்டுமே திறக்குமானால், கொள்கையிலே பாதியைத்தான் நிறைவேற்றியிருக்கிறோம். மீதிப் பாதி, கரும்புக் கொல்லை ஓரத்திலே காத்து நிற்கிறது!