ஆலன் என்றொரு பெயர்

கடலோரத்தில் ஒருவன் தலையில் குண்டடிபட்டுக் கிடக்கிறான். ஏப், சாலி என்ற முதிய தம்பதி அவனை வீட்டுக்குத் தூக்கி வருகிறார்கள். குடியால் தொழிலை இழந்த மார்த்தா என்ற டாக்டரம்மா அவனைப் பிழைக்க வைக்கிறாள். உயிர் மிஞ்சியது, நினைவு மிஞ்சவில்லை. காறையெலும்பின் அருகே ரோமன் எண்ணில் பதிமூன்று என்று பச்சை குத்தியிருக்கிறது. சட்டையில் வைத்துத் தைத்த ஒரு சாவி கிடைக்கிறது. அவனிடம் இருப்பது அவ்வளவுதான்.

ழான் வான் ஹாம் எழுத, வில்லியம் வான்ஸ் வரைய, 1984-ல் பெல்ஜியத்தின் ‘ஸ்பிரூ’ வார இதழில் தொடங்கிய இந்தக் கதையைத் தமிழ் வாசகர்கள் லயன் காமிக்ஸின் ‘இரத்தப் படலம்’ ஆக அறிவார்கள். 2010-ல் 18 பாகங்களும் கறுப்பு வெள்ளையில் ஒரே தடிமனான புத்தகமாக வந்தன. 2018-ல் வண்ணத் தொகுப்பு வந்தது. ராபர்ட் லட்லம் 1980-ல் எழுதிய ஜேசன் பார்ன் நாவலின் சாயல் தொடக்கத்தில் உண்டு. ஆனால் வான் ஹாம் விரைவிலேயே தன் வழியில் போய்விடுகிறார்.

அமெரிக்க ஜனாதிபதியைச் சுட்டுக் கொன்றவன் இவன்தான் என்கிறார்கள். பெயர் ஸ்டீவ் ரோலண்ட் என்கிறார்கள். அப்புறம் ராஸ் டானர், ஜேசன் ஃப்ளை என்று அடுத்தடுத்து வேறு பெயர்கள். ஒவ்வொன்றோடும் ஒரு தகப்பனோ, ஒரு மனைவியோ, ஒரு பழைய கொலையோ ஒட்டிக்கொண்டு வருகிறது. பெயரை ஏற்றால் அதன் பாவத்தையும் ஏற்க வேண்டும். துப்பறியும் கதையில் விடை கிடைத்தால் நிம்மதி வரும், இங்கே பயம்தான் வருகிறது. வான் ஹாமின் கெட்டிக்காரத்தனம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

மூளை மறந்ததை உடம்பு மறக்கவில்லை. கொலைகாரர்கள் வந்ததும் அவன் கைகள் தாமாகவே இயங்கி ஆளை வீழ்த்துகின்றன. அந்தக் கைகளைக் கண்டு அவனே கலங்குகிறான். இவ்வளவு பழகிய கை யாருடையது? வான்ஸ் இதற்கெல்லாம் முகத்தைக் கோணலாக்குவதில்லை. தாடை இறுகியிருக்கும், பார்வை ஒரு பக்கம் திரும்பியிருக்கும், அவ்வளவுதான். துப்பாக்கி, ஹெலிகாப்டர், கடல் எல்லாம் துல்லியமாக இருக்கும். அத்தனை துல்லியமான உலகத்தின் நடுவே இவன் ஒருவன்தான் யாரென்று தெரியாதவன். கறுப்பு வெள்ளையில் படித்தபோது அந்தக் கோடுகளின் உறுதி இன்னும் கூர்மையாகத் தெரிந்தது எனக்கு.

நடுவில் லத்தீன் அமெரிக்கப் புரட்சிக்குள் கதை போகும்போது வேகம் குறைகிறது, உண்மைதான். சதிகாரர்களின் பட்டியலும் நீண்டுகொண்டே போகிறது. வான் ஹாமும் வான்ஸும் 2007-ல் ஒதுங்கிக்கொண்ட பிறகும் வேறு கைகள் தொடரை நடத்துகின்றன.

ஆனால் இத்தனை பெயர்களில் எனக்குப் பெரிதாகப் படுவது முதல் பெயர். ஏபும் சாலியும் அவனை ‘ஆலன்’ என்று கூப்பிடுகிறார்கள். அது அவர்களின் இறந்துபோன மகனின் பெயர். எந்தக் கணக்கும் இல்லாமல், பாசத்தால் மட்டுமே அவனுக்குக் கிடைத்த பெயர். சில பக்கங்களிலேயே அந்த இருவரும் கொல்லப்படுகிறார்கள். அதற்குப் பிறகு அவன் தோண்டியெடுக்கும் எந்தப் பெயருக்கும் அந்த ஈரம் இல்லை.

முழுத் தொகுப்பையும் முடித்தவர்கள் முதல் பாகத்தை மறுபடி எடுங்கள். துப்பாக்கி வெடிப்பதற்கு முந்தைய, அந்தக் கடலோர வீட்டுப் பக்கங்களை நிதானமாகப் படியுங்கள்.