மினரல் சன்ஸ்கிரீன்: விடை டியூபின் பின்பக்கம்

சென்னைப் புறநகர்ப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறார் அவர். காலை ஏழரைக்கு மைதானத்தில் நின்றால் பத்தரை வரை நிழல் கிடையாது. தோலோ எதற்கெடுத்தாலும் சிவந்து எரிகிற ரகம். சோப்பு மாறினாலே கன்னம் தடித்துவிடும். எல்லோரும் வாங்குகிறார்களே என்று வாங்கிய ஒரு சன்ஸ்கிரீன், பூசிய பத்து நிமிடத்தில் மிளகாய்க் கை பட்டதுபோல் எரிந்தது. வியர்வையோடு வழிந்து கண்ணுக்குள் இறங்க, விசிலை ஒரு மாணவியிடம் கொடுத்துவிட்டுக் குழாயடிக்கு ஓடினார். தோல் மருத்துவர் சொன்னது ஒரே வரி: "வாசனை இல்லாத மினரல் சன்ஸ்கிரீனா பார்த்து வாங்குங்கம்மா."

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் என்ன ஆகும்? மினரல் என்று எழுதிய டியூப்பே ஏழெட்டு இருக்கும். எல்லாவற்றிலும் எஸ்.பி.எஃப். 50, எல்லாவற்றிலும் ஒரு பச்சை இலை. அவர் மூன்றை வாங்கினார். மூன்றையும் வாரக்கணக்கில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் தெரிந்தவைதான் இந்த விமர்சனம்.

முதலில் பொருளைப் புரிந்துகொள்ள வேண்டும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வேலையை ஜிங்க் ஆக்ஸைடோ டைட்டானியம் டையாக்ஸைடோ, அல்லது இரண்டும் சேர்ந்தோ செய்தால் அது மினரல் சன்ஸ்கிரீன். ஜிங்க் ஆக்ஸைடு நம் வீடுகளுக்குப் புதிதல்ல. அம்மை வந்த பிள்ளைக்கு அரிப்பு அடங்கத் தடவும் கேலமைன் லோஷனில் இருப்பது அதுதான். அந்த இளஞ்சிவப்பு, அதில் சேரும் சிறிதளவு இரும்பு ஆக்ஸைடின் நிறம். கைக்குழந்தையின் டயப்பர் புண்ணுக்கான கிரீமிலும் அதுவே. கிரிக்கெட் வீரர் ஆலன் டொனால்ட் மூக்கிலும் கன்னத்திலும் அப்பிக்கொண்டு பந்துவீச ஓடிவந்தாரே, அந்த வெள்ளையும் ஜிங்க்தான். கேலமைன் ஒத்துக்கொண்ட தோல் ஜிங்க்கையும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். அதற்காகக் கேலமைனையே சன்ஸ்கிரீனாகப் பூசிக்கொண்டு வெயிலில் இறங்கக் கூடாது. ஜிங்க் துகள் தோல்மேல் சீராகப் பரவுகிறதா, எத்தனை மடங்கு காக்கிறது என்று அளந்து பார்த்துத் தயாரித்த பொருள் அல்ல அது.

எளிதில் கோபித்துக்கொள்ளும் தோலுக்கு மருத்துவர்கள் ஏன் இதைச் சொல்கிறார்கள்? இந்த இரண்டு ஆக்ஸைடுகளும் தோலின் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகின்றன. ஒவ்வாமை உண்டாக்குவது மிக அரிது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மற்ற வடிகட்டிகள் எல்லாவற்றையும் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ஆக்ஸிபென்சோன் அடங்கிய பென்சோஃபீனோன் குடும்பத்தை, 2014-இன் 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அமெரிக்கத் தொடு தோல் அழற்சிச் சங்கம் அறிவித்தது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2019-இல் வெளியிட்ட வரைவில், சன்ஸ்கிரீன் வடிகட்டிகளில் பாதுகாப்பானவை, பயனுள்ளவை என்று ஏற்கப் போதிய ஆதாரம் உள்ளவையாக இந்த இரண்டை மட்டும்தான் வைத்தது. மற்றவற்றில் 12-க்கு இன்னும் ஆய்வு வேண்டும் என்றது. ஆய்வு வேண்டும் என்றால் ஆபத்து என்று பொருளில்லை. ஆனால் தொட்டாலே எரிகிற முகம் உள்ளவருக்கு இந்த வித்தியாசம் போதுமானது.

இங்கே ஒரு தவறான விளக்கத்தைத் திருத்தியாக வேண்டும், ஏனென்றால் வாங்கும் முடிவையே அது கெடுக்கிறது. மினரல் சன்ஸ்கிரீன் கண்ணாடிபோல் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது என்று விளம்பரங்கள் சொல்லிச் சொல்லி நம்பவைத்துவிட்டன. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து பார்த்தபோது, இந்த ஆக்ஸைடுகள் புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 5 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பின. மிச்சத்தில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொண்டன. முகத்தில் தெரிகிற வெள்ளை, துகள்கள் சிதறடிக்கும் சாதாரண வெளிச்சம். அப்படியானால், 'வெள்ளையாகத் தெரிந்தால்தான் நன்றாக வேலை செய்கிறது' என்று பல்லைக் கடித்துக்கொண்டு பூசவேண்டிய அவசியமே இல்லை.

முதல் டியூப், ஜிங்க் மட்டும் உள்ளது, குழந்தைகளுக்கென்றே செய்தது. உட்பொருள் பட்டியல் சின்னது, வாசனை இல்லை. புறங்கையில் ஒரு பட்டாணி அளவு பிதுக்கித் தேய்த்தால், வெண்ணெய்போல் திரண்டு நிற்கிறது. விரலை இழுத்த இழுப்புக்கு வரி வரியாகக் கோடு விழுகிறது. இரண்டு நிமிடம் தேய்த்தபின் கோடு மறைந்து, மாநிறத்தின்மேல் சாம்பல் பூத்த ஒரு படலம் மட்டும் மிஞ்சுகிறது. எரிச்சல் கொஞ்சமும் இல்லை. வியர்த்து வழிந்தபோதும் கண் கரிக்கவில்லை. தோலைப் பொறுத்தவரை மூன்றிலும் சாதுவானது இதுதான்.

ஆனால் பிரேயர் வரிசையில் நின்ற ஆறாம் வகுப்புப் பெண் சொன்னாள்: "மிஸ், முகத்துல மாவு ஒட்டியிருக்கு." மறுநாளிலிருந்து அவர் அளவைக் குறைத்தார். அதற்கடுத்த வாரம் இன்னும் குறைத்தார். இங்கேதான் பெரிய இழப்பு. எஸ்.பி.எஃப். எண்ணைச் சோதனைக்கூடத்தில் கண்டுபிடிப்பது, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் பூசி. முகமும் கழுத்தும் சுமார் 600 சதுர செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 1.2 கிராம், ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி வைக்கும் அளவு. மக்கள் பொதுவாகப் பூசுவதோ அதில் பாதி, கால்வாசி. அப்போது டியூபில் 50 என்று இருந்தாலும் முகத்துக்குக் கிடைப்பது 50 அல்ல. வெள்ளைப் படலத்தை அழகுப் பிரச்சினை என்று ஒதுக்கிவிடக் கூடாது. நம் நிறத்தவர்களை அளவு குறைத்துப் பூசவைப்பது அதுதான்.

இரண்டாவது, தண்ணீராக ஓடுகிற லோஷன். குலுக்கும்போது உள்ளே சிறு குண்டு ஒன்று கடகடக்கும். அடியில் தங்கும் துகளைக் கலக்கத்தான் அது, குலுக்காமல் ஊற்றினால் மேலே நிற்கும் தெளிவுதான் முகத்துக்கு வரும். ஜிங்க், டைட்டானியம் இரண்டும் உண்டு. சட்டென்று பரவுகிறது, பிசுபிசுப்பில்லை. டைட்டானியம் ஜிங்க்கைவிட வெளிச்சத்தை அதிகம் சிதறடிப்பதால் ஒரு நீல வெண்மை தட்டத்தான் செய்கிறது. கல்யாண வீட்டு ஃபிளாஷ் போட்டோவில் கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். இன்னொரு விஷயமும் உண்டு. டைட்டானியம் தோலைச் சுட்டுச் சிவக்கவைக்கும் யு.வி.பி. கதிரை நன்றாகப் பிடிக்கும். தோலுக்குள் ஆழமாக இறங்கிக் கருமையும் சுருக்கமும் தரும் நீண்ட அலை யு.வி.ஏ. கதிரில் ஜிங்க்தான் கெட்டிக்காரன். இரண்டும் இருந்தால் பட்டியலில் ஜிங்க் முந்தி வருகிறதா என்று பார்ப்பது நல்லது.

அதைவிட இந்த லோஷன் தோற்றது வேறோர் இடத்தில். நான்காம் நாள் தாடை ஓரத்தில் பொடிப்பொடியாகத் தடித்து அரிக்கத் தொடங்கியது. பின்பக்கப் பட்டியலைத் திருப்பினால் ஆரஞ்சுத் தோல் எண்ணெய், லாவெண்டர் எண்ணெய். 'இயற்கை' என்ற பெயரில் உள்ளே வந்தவை. காற்று பட்டுப் பழசாகும்போது இந்த எண்ணெய்களில் உள்ள லிமோனீனும் லினலூலும் ஒவ்வாமை தரும் பொருள்களாக மாறும் என்பது தோல் மருத்துவத்தில் நன்கு தெரிந்த சங்கதி. வடிகட்டி சாதுவாக இருந்தும் உடன் வந்த வாசனை வேலையைக் கெடுத்துவிட்டது.

ஆகவே டியூப்பை வாங்குமுன் திருப்பிப் படிப்பது கட்டாயம். முன்பக்கத்தில் உள்ள 'ஹைப்போஅலர்ஜெனிக்' என்ற சொல்லுக்கு அமெரிக்காவில்கூடச் சட்டப்படியான வரையறை கிடையாது. 'வாசனை தெரியாது' என்பதும் 'வாசனைப் பொருள் சேர்க்கவில்லை' என்பதும் வேறு வேறு. முதலாவதில் மூல நெடியை மறைக்க ஒரு வாசனையைச் சேர்த்திருக்கலாம். மினரல் என்ற பெயருமே முழுதாக நம்பத் தக்கதல்ல. எல்டா எம்.டி. நிறுவனத்தின் யு.வி. கிளியர், சிவக்கும் தோலுக்கு என்று அமெரிக்காவில் பெயர் வாங்கிய சன்ஸ்கிரீன். ஜிங்க் இருப்பதால் பலரும் அதை மினரல் என்றே நினைத்து வாங்குகிறார்கள். நீண்ட காலம் விற்ற அதன் கலவையில் 9 சதவீத ஜிங்க் ஆக்ஸைடோடு 7.5 சதவீதம் ஆக்டினாக்ஸேட் என்ற கரிம வடிகட்டியும் இருந்தது. அதை அவர்கள் மறைக்கவில்லை. பின்பக்கத்தில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். அமெரிக்காவில் சன்ஸ்கிரீன் மருந்துக் கணக்கில் வருவதால் வடிகட்டியின் சதவீதத்தை எழுதியாக வேண்டும். நம் நாட்டில் அது அழகுசாதனம். அதனால் சதவீதம் பெரும்பாலும் இருக்காது. அதிகமாக உள்ளது முதலில் என்ற இறங்குவரிசைதான் துப்பு. ஜிங்க் ஆக்ஸைடு தண்ணீருக்கு அடுத்த இரண்டு மூன்று பெயர்களுக்குள் வரவில்லை என்றால் யோசிக்க வேண்டும்.

பட்டியலின் நடுவில் ஒளிந்திருக்கும் இன்னொரு பெயர் பியூட்டைல்ஆக்டைல் சாலிசிலேட். துகளைச் சீராகக் கலக்கவும் பூச்சு வழவழப்பாக இருக்கவும் சேர்க்கும் திரவம் இது. வடிகட்டி என்று இதைக் கணக்கில் காட்டுவதில்லை, ஆனால் புற ஊதாக் கதிரை இது உறிஞ்சவும் செய்யும். பெரும்பாலோருக்கு இதனால் தொல்லை இல்லை. சாலிசிலேட் ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தவர் இதைத் தேடிப் பார்க்க வேண்டும். மறுபுறம், அலுமினா, சிலிக்கா, ட்ரைஎத்தாக்ஸிகேப்ரிலைல்சிலேன் போன்ற பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம். டைட்டானியம் வெளிச்சம் பட்டால் வினைபுரியும் குணம் கொண்டது. அதை அடக்கத் துகளின்மேல் போடும் உறைகள் இவை. நானோ துகளைப் பற்றிய பயமும் அப்படித்தான், காயமில்லாத தோலை அவை ஊடுருவி உள்ளே போவதில்லை. மூச்சில் போனால் கதை வேறு. ஸ்பிரேயும் பவுடரும் வேண்டாம். கிரீமோ லோஷனோ போதும்.

மூன்றாவது டியூப்பைப் பிதுக்கியதும் காப்பித்தூள் கலந்த பால்போல் வந்தது. ஜிங்க்கோடு மஞ்சள், சிவப்பு, கருப்பு இரும்பு ஆக்ஸைடுகளைச் சேர்த்த நிறப்பூச்சு இது. கேலமைனின் இளஞ்சிவப்புக்குக் காரணமான அதே குடும்பம். விரலில் இருக்கும்போது பயமுறுத்தும் நிறம், தேய்த்த ஒரு நிமிடத்தில் அடங்கி, பத்து நிமிடத்தில் தோலோடு தோலாகிவிட்டது. மாவு இல்லை, சாம்பல் இல்லை. இரண்டு விரல் அளவை முழுசாகப் பூசியும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

நிறப்பூச்சுக்கு வேறொரு தகுதியும் உண்டு, மாநிறத்தவர்க்கு அது முக்கியமானது. டெட்ராய்ட் மருத்துவமனை ஒன்றின் தோல் ஆய்வாளர்கள் 2010-இல் காட்டியது இது: கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமே மாநிற, கரிய தோலைக் கருக்கவைக்கிறது, வெளிர்தோலில் அது நடக்கவில்லை. நிறமில்லாத சன்ஸ்கிரீன் எதுவும் அந்த வெளிச்சத்தைச் சரியாகத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்ஸைடு தடுக்கிறது. பிரசவத்துக்குப் பின்னும் நாற்பதை நெருங்கும்போதும் கன்னத்தில் மங்கு விழுந்து மனம் வாடும் பெண்கள் எத்தனை பேர்! விலை கூடிய கிரீம்களுக்குச் செலவழிக்குமுன் அவர்கள் காதில் போடவேண்டிய செய்தி இது.

குறை இல்லாமல் இல்லை. பல நிறுவனங்கள் ஒரே ஒரு நிறத்தில்தான் தருகின்றன, அதுவும் கோதுமை நிறத்தாருக்குப் பொருந்துகிற மாதிரி. கருநிறத் தோலில் அது செம்மண் தட்டியதுபோல் நிற்கும். கடை விளக்கில் பார்த்து முடிவு செய்யாமல், தாடையோரம் கொஞ்சம் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அடியில் சிலிக்கோன் கலந்த மாய்ஸ்சரைசர் போட்டிருந்தால், மேலே தேய்க்கும்போது அழுக்குபோல் உருண்டு உருண்டு வரும். மாய்ஸ்சரைசர் காயும்வரை ஐந்து நிமிடம் பொறுத்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றிப் பூசினால் வராது.

டியூபில் உள்ள எண்ணை எவ்வளவு நம்புவது என்ற கேள்வி நியாயமானது. ஆஸ்திரேலிய நுகர்வோர் அமைப்பான சாய்ஸ், 2025 ஜூனில் 20 சன்ஸ்கிரீன்களின் சோதனை முடிவை வெளியிட்டது. 16 தாங்கள் சொன்ன எண்ணை எட்டவில்லை. மிக மோசமாக வந்தது ஒரு ஜிங்க் சன்ஸ்கிரீன். 50-க்கு மேல் என்று சொன்னது, சோதனையில் 4. தோல் புற்றுநோய்க்கு அஞ்சி கடுமையான விதி வைத்திருக்கும் நாட்டில் இந்த நிலை. வடிகட்டியின் பெயர் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, கலவையைச் செய்த கை நன்றாக இருக்க வேண்டும். மனிதத் தோலில் சோதித்த அறிக்கையை வெளியிடும் நிறுவனத்துக்கே முன்னுரிமை தரலாம். பி.ஏ. என்ற எழுத்துக்குப் பின் நான்கு கூட்டல் குறி இருந்தால் யு.வி.ஏ. தடுப்பும் நல்ல நிலையில் உள்ளது என்று பொருள்.

புது டியூப் எதையும் நேரே முகத்தில் போட வேண்டாம். முழங்கை மடிப்பின் உட்பக்கம், ஒரு ரூபாய் அளவு இடத்தில், காலையும் மாலையும் ஒரு வாரம் முதல் பத்து நாள் தடவிப் பார்க்க வேண்டும். பூசிய உடனே எரிந்தால் அது எரிச்சல். இரண்டு மூன்று நாள் கழித்து அரித்துத் தடித்தால் ஒவ்வாமையாக இருக்கலாம், ஆசிரியையின் தாடையில் வந்ததுபோல. அப்படியானால் டியூபோடு மருத்துவரிடம் போவதே சரி. எந்தப் பொருள் என்று ஒட்டுச் சோதனையில் தெரிந்துவிட்டால் பிறகு வாழ்நாள் முழுவதும் பட்டியலில் அந்த ஒரு பெயரைத் தேடினால் போதும்.

அவர் மூன்றாவதையே வைத்துக்கொண்டார். 50 கிராம் டியூப், ஒரு வேளைக்கு 1.2 கிராம் என்றால் 41 வேளை. முன்பெல்லாம் ஒரு டியூப் ஆறு மாதம் வந்தது என்று அவர் பெருமையாகச் சொல்வதுண்டு. இப்போது மைதானத்துக்கு இறங்குமுன் ஒரு தடவை, இரண்டு மணி நேரம் கழித்து வியர்வையை ஒற்றிவிட்டு இன்னொரு தடவை. மூன்று வாரத்தில் தீர்ந்துவிடுகிறது. கடைசியில் கத்தரிக்கோலால் டியூப்பை நடுவில் வெட்டி வழித்தால் இன்னும் இரண்டு வேளைக்குத் தேறும். வெள்ளை டி-ஷர்ட்டின் காலரில் மட்டும் தேநீர் நிறத்தில் ஒரு கோடு விழுகிறது. அதற்காகச் சட்டையை மாட்டுமுன் பூசிக் காயவிடுகிறார். அப்படியும் விழுந்த கறைக்குப் பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு சொட்டு விட்டுக் கசக்குகிறார்.